சுகர் உள்ள பிள்ளைக்குப் பள்ளியில் துணை: ஊழியர்களைப் பழக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையே உள்ள பள்ளிகளில், டைப் 1 நீரிழிவு உள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆசிரியர்களையும் செவிலியர்களையும் பழக்கி வருகிறேன். நான் நடத்திய முதல் பயிற்சி படுதோல்வி. கணையத்தின் படத்தை மாட்டி இரண்டு மணி நேரம் பேசினேன். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள், டீ குடித்தார்கள், கலைந்தார்கள்.

மூன்றாவது வாரம் அதே பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பதினொன்றரை மணிக்கு மேசையில் தலை சாய்த்தான். தூங்குகிறான் என்று விட்டுவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவன் உலுக்கிப் பார்த்துவிட்டுக் கத்திய பிறகுதான் குளுக்கோஸ் டப்பாவைத் தேடினார்கள். டப்பா தலைமையாசிரியர் அறை பீரோவில், பீரோ சாவி அவர் பையில், அவரோ வெளியூரில் ஒரு கூட்டத்தில். பையன் இன்னும் விழுங்கும் நிலையில் இருந்தது அதிர்ஷ்டம். எதிர்ப் பெட்டிக்கடையில் வாங்கி வந்த சீனியைக் கரைத்துக் கொடுத்துத் தேற்றினார்கள்.

தப்பு அவர்கள் மேல் இல்லை. நான் நோயைச் சொல்லிக்கொடுத்தேன், கைவேலையைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டேன். அந்த வரிசைதான் இது. தனியார் பள்ளியில் நர்ஸ் இருந்தால் அவரே பயிற்சியை நடத்தலாம். அரசுப் பள்ளியில் பெரும்பாலும் நர்ஸ் கிடையாது. "டீச்சர், நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க" என்று யாரிடம் சொல்லப்பட்டதோ, அவருக்கும் இது பயன்படும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் எண்கள் பொதுவானவை. பிள்ளையின் மருத்துவர் வேறு எண் எழுதிக்கொடுத்திருந்தால் அதுதான் செல்லும்.

1. பெற்றோரோடு பேசுங்கள், பயிற்சி அப்புறம்

பயிற்சித் தேதி குறிப்பதற்கு முன் அம்மா, அப்பாவை உட்காரவைத்துப் பேசிவிட வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் பிறகு திரும்பி வந்து இங்கேதான் நின்றிருக்கிறார்கள்.

முதலில் கேட்க வேண்டியது, யாருக்கெல்லாம் தெரியலாம் என்பது. பெண்பிள்ளையின் பெற்றோர் "வெளிய தெரிஞ்சா நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கையில பேச்சாயிடும்" என்று தயங்குவார்கள். அந்தப் பயத்தைப் பேசித் தீர்க்க முயன்று நேரத்தைக் கழிக்காதீர்கள். "வகுப்பு டீச்சர், பி.டி. சார், சமைக்கிற அக்கா, பக்கத்துல உட்காருற ஒரு தோழி. இவங்களுக்காவது தெரியணும்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். பிரேயரில் அறிவிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது போன் எண்கள். இரண்டு போதாது, மூன்று வேண்டும். நம் பக்கத்தில் பல வீடுகளில் அப்பா சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருப்பார். அம்மா நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பார், போன் வரப்பில் பையோடு கிடக்கும். மூன்றாவது எண், கால் மணி நேரத்துக்குள் பள்ளிக்கு வந்துவிடக் கூடிய ஒருவருடையதாக இருக்கட்டும். சித்தப்பாவோ, பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரோ, யாரானாலும் சரி.

மூன்றாவதாக, இந்தப் பிள்ளைக்கு லோ சுகர் (ரத்தத்தில் சுகர் அளவு இறங்கிப்போவது) வந்தால் எப்படித் தெரியும் என்று கேளுங்கள். ஒருத்திக்கு வியர்க்கும், ஒருவன் காரணமில்லாமல் சண்டை போடுவான், இன்னொருத்தி பேசுவதை நிறுத்திவிடுவாள். ஒரு பிள்ளைக்கு வரும் அறிகுறிகள் பெரும்பாலும் அதே மாதிரி திரும்ப வரும். பொதுவான பட்டியலைவிட அம்மா சொல்லும் அந்த ஒரு வரிதான் வகுப்பறையில் உதவும்.

2. மருத்துவரிடம் ஒரு பக்கத் தாள் வாங்குங்கள்

மருந்துச் சீட்டு இதற்குப் போதாது. அதில் மருந்தும் அளவும் இருக்கும், பள்ளியில் என்ன செய்வது என்பது இருக்காது. ஒரு வெள்ளைத் தாளில் கேள்விகளை நீங்களே எழுதி, இடம் விட்டுப் பெற்றோரிடம் கொடுத்தனுப்புங்கள். தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் புறநோயாளர் கூட்டத்தில் மருத்துவருக்கு உட்கார்ந்து எழுத நேரம் இருக்காது. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் நிரப்பிவிடுவார்.

கேள்விகள் இவை போதும்: எந்த அளவுக்குக் கீழே போனால் லோ சுகர் என்று நடத்த வேண்டும்? எத்தனை ஸ்பூன் சீனி? பள்ளி நேரத்தில் இன்சுலின் (சுகரை இறக்கும் ஊசி) உண்டா, எவ்வளவு, யார் போடலாம்? விளையாட்டுக்கு முன் என்ன செய்ய வேண்டும்? எந்த அளவுக்கு மேல் போனால் பெற்றோரைக் கூப்பிட வேண்டும்? எப்போது நேராக ஆஸ்பத்திரி?

தாளில் மருத்துவர், பெற்றோர், தலைமையாசிரியர் மூவரின் கையெழுத்தும் வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் நெருக்கடியில் கை தயங்கும். "நான் கொடுத்து ஏதாவது ஆயிட்டா?" என்ற கேள்வியை எல்லாப் பள்ளியிலும் கேட்டிருக்கிறேன். அதற்குப் பதில் அந்தத் தாள்தான்.

3. எல்லோருக்கும் எல்லாம் வேண்டாம்

ஊழியர்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் ஒப்புக்கொண்ட எல்லோருக்கும் இருபது நிமிடம்: லோ சுகரை அடையாளம் காண்பது, சீனி கொடுப்பது, ஆள் அனுப்புவது. இதில் சத்துணவு அமைப்பாளர், சமையலர், பள்ளி வேன் ஓட்டுநர் கட்டாயம் இருக்க வேண்டும். இவர்களை விட்டுவிடுவது வழக்கமான தவறு. வேனில் வரும் பிள்ளைக்கு வேனிலும் லோ சுகர் வரும்.

வகுப்பாசிரியருக்கும் பி.டி. ஆசிரியருக்கும் ஒரு மணி நேரம். மேலே சொன்னதோடு குளுக்கோமீட்டர் (விரல் ரத்தத்தில் சுகர் பார்க்கும் கருவி), விளையாட்டு, ஹை சுகர்.

இன்சுலின், குறிப்பேடு உட்பட எல்லாவற்றையும் இரண்டு பேர் கற்க வேண்டும். ஏன் இரண்டு? ஒருவர் தேர்தல் பணிக்கோ விடைத்தாள் திருத்தவோ போய்விடுவார். அந்த இரண்டு பேரும் தாமாக முன்வந்தவர்களாக இருக்கட்டும். ஊசியைக் கண்டாலே பயப்படுபவரை உத்தரவு போட்டு உட்காரவைத்தால், தேவைப்படும் நாளில் அவர் லீவில் இருப்பார்.

4. 'சுகர்' வேறு, 'சீனி' வேறு

பயிற்சியின் முதல் ஐந்து நிமிடம் இதற்கு. நம் பேச்சில் சர்க்கரை என்றால் நோயும் அதுதான், ரத்தத்தில் இருப்பதும் அதுதான், டப்பாவில் இருப்பதும் அதுதான். இந்தக் குழப்பம் ஆளைக் கொல்லக் கூடியது. ஒரு பள்ளியில் ஆயம்மா சீனித் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றார். "சக்கரை இருக்குற புள்ளைக்கி சக்கரையவே குடுக்கச் சொல்றீங்களே" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

அதனால் பயிற்சி முழுக்க நான் இரண்டே சொற்களைப் பயன்படுத்துகிறேன். ரத்தத்தில் இருப்பது சுகர், ஸ்பூனில் இருப்பது சீனி. "சுகர் இறங்கினால் சீனி" என்று மூன்று தடவை சொல்லச் சொல்லுங்கள். சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றும். தோன்றட்டும்.

கூடவே இரண்டு விஷயம் சொன்னால் போதும். இது இனிப்பு தின்றதால் வந்ததல்ல, உடலின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. ஒட்டிக்கொள்ளாது. இன்சுலினுக்கு மாற்று கிடையாது. வேப்பிலைச் சாறு, பாகற்காய்ச் சாறு என்று யாராவது யோசனை சொன்னால், அதை நம்பி ஒரு வேளை ஊசியைக்கூட நிறுத்தக் கூடாது. கணையப் படம் வேண்டாம்.

5. சீனிப் பொட்டலங்களை முதல் நாளே வைத்துவிடுங்கள்

பயிற்சி முடிந்து "அடுத்த வாரம் வாங்கிக்கலாம்" என்று விட்டால் அடுத்த வாரம் வராது. பொட்டலங்களைப் பயிற்சியிலேயே அவர்கள் கையால் கட்டவையுங்கள்.

மட்டமாக அளந்த மூன்று டீஸ்பூன் சீனி, அதாவது 12 முதல் 15 கிராம், ஒரு சிறிய ஜிப் கவரில். சிறு பிள்ளைக்கு இது அதிகம். ஒரு கிலோ எடைக்கு 0.3 கிராம் என்பது கணக்கு. 20 கிலோ பிள்ளைக்கு 6 கிராம், 30 கிலோவுக்கு 9, 50 கிலோவுக்கு 15. மருத்துவர் தாளில் உள்ளபடி கட்டி, கவர் மேல் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். குளுக்கோஸ் பொடி இன்னும் வேகமாக ஏறும், ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் ஒரே மாதத்தில் கட்டிதட்டிவிடும். மாதம் ஒருமுறை மாற்ற ஆள் இருந்தால் அதை வைக்கலாம்.

வைக்க வேண்டிய இடங்கள்: பிள்ளையின் பை, வகுப்பாசிரியர் மேசை, பி.டி. அறை, சத்துணவுக்கூடம், வேன். ஒவ்வொன்றிலும் மூன்று பொட்டலம். பூட்டு கூடாது. எறும்பு வருகிறது என்று சொல்லிப் பீரோவுக்கு மாற்றிவிடுவார்கள். மூடி இறுக்கமான டப்பாவைக் கொடுத்து எறும்புக்கு வழி அடையுங்கள், சாவிக்கு வழி விடாதீர்கள்.

6. லோ சுகர்: இதில்தான் பாதி நேரம் போக வேண்டும்

ரத்தச் சுகர் (100 மி.லி. ரத்தத்தில்) 70 மி.கி.க்குக் கீழே போனால் லோ. 54-க்குக் கீழே போனால் அவசரம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி முதலில் வரும். பிறகு மூளைக்குச் சுகர் போதாமல் குழப்பம், கோபம், மந்தம், பேச்சுக் குளறல். "பாடத்தைக் கவனிக்கல", "திமிரு", "தூக்கம்" என்று ஆசிரியர் முத்திரை குத்துவதெல்லாம் இந்த இரண்டாம் கட்டத்தில்தான்.

காலை பதினொன்றிலிருந்து சாப்பாட்டு மணி வரைக்கும் அதிகம் கவனியுங்கள். அரசு மருத்துவமனையில் இன்சுலின் வாங்கும் பல பிள்ளைகள் காலை, இரவு என இரண்டு வேளை கலவை இன்சுலின் (வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது) போடுகிறார்கள். காலையில் போட்டதன் ஒரு பகுதி நண்பகல் வாக்கில் உச்சத்துக்கு வரும். அந்த நேரத்தில் வயிறு காலியாக இருக்கும். பி.டி. பீரியடும் அப்போதே இருந்தால் கேட்கவே வேண்டாம்.

செய்ய வேண்டிய வரிசை:

பிள்ளையை இருந்த இடத்திலேயே உட்கார வையுங்கள். சீனி பிள்ளையிடம் போக வேண்டும், பிள்ளை சீனியைத் தேடிப் போகக் கூடாது. "ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கேளுடா" என்று தனியாக அனுப்புவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. வழியில், மாடிப்படியில் விழுந்தால் யாருக்கும் தெரியாது.

மீட்டர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் பார்க்காமலே சீனி கொடுங்கள். சுகர் கூடுதலாக இருக்கும்போது மூன்று ஸ்பூன் சீனி போனால் பெரிய கேடு இல்லை. குறைவாக இருக்கும்போது கொடுக்காமல் விட்டால் கேடு.

சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பிறகு 15 நிமிடம் பொறுங்கள். இந்தப் பதினைந்து நிமிடம்தான் எல்லோருக்கும் கஷ்டம். பதற்றத்தில் இன்னொரு டம்ளர், அப்புறம் ஒரு மிட்டாய் என்று கொடுத்துக்கொண்டே போவார்கள், மதியம் சுகர் 350-க்குப் போய் நிற்கும். கடிகாரம் பார்த்து உட்காருங்கள். 15 நிமிடம் கழித்தும் 70-க்குக் கீழேதான் என்றால் மறுபடி அதே அளவு.

ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு சிறிய வாழைப்பழமோ கொடுங்கள். சீனி சீக்கிரம் ஏற்றும், ஆனால் நிற்காது. பிறகு வீட்டுக்குப் போன். நேரம், அளவு, கொடுத்தது மூன்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

எதைக் கொடுக்கக் கூடாது என்பதையும் பயிற்சியில் கையில் எடுத்துக் காட்டுங்கள். சாக்லேட், கடலை மிட்டாய், பால் வேண்டாம். கொழுப்பு சேர்ந்ததால் மெதுவாகத்தான் ஏறும். இளநீர் வேண்டாம். தென்னை நிறைந்த பட்டுக்கோட்டைப் பக்கம் மயக்கம் என்றாலே காய் வெட்ட ஓடுவார்கள், ஆனால் அதில் இனிப்பு குறைவு, காய்க்குக் காய் மாறும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் போதாது. ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. ஒரு டம்ளரில் மூன்று கிராம்கூட வராது. 'டயட்' என்று போட்ட குளிர்பானத்தில் சீனியே இல்லை.

7. மயங்கிவிட்டால்

நினைவு தப்பினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. தண்ணீர், சோடா, சீனித் தண்ணீர் எதுவாக இருந்தாலும் நுரையீரலுக்குள் போய்விடும்.

பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். ஒருவர் 108-க்குப் பேச வேண்டும், ஒருவர் பிள்ளையை விட்டு நகராமல் இருக்க வேண்டும், ஒருவர் ரோட்டுமுனையில் போய் நிற்க வேண்டும். இந்த மூன்று வேலைக்கும் பெயர்களைப் பயிற்சியிலேயே முடிவு செய்துவிடுங்கள். "யாராவது போன் பண்ணுங்க" என்றால் யாரும் பண்ணமாட்டார்கள்.

வலிப்பு வந்த கையில் இரும்புச் சாவி கொடுப்பது, பல்லுக்கிடையில் ஸ்பூன் வைப்பது இரண்டுக்கும் தடை. சாவியால் பயன் இல்லை, ஸ்பூனால் பல் உடையும்.

108-ல் சொல்ல வேண்டிய முகவரியை போன் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர் உள்ள பகுதி இது. "குடமுருட்டிப் பாலத்துக்குத் தெற்கே, ரேஷன் கடைக்கு எதிரே" என்பதுபோல ஆறும் பாலமும் சேர்த்து இருந்தால் வண்டி சுற்றாது. "டைப் 1 நீரிழிவு, மயக்கம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும்.

குளுக்ககான் என்ற ஊசி இந்த நிலையில் சுகரை ஏற்றும். நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. பெற்றோர் வாங்கிக் கொடுத்து மருத்துவர் எழுதியும் கொடுத்திருந்தால், எல்லாவற்றையும் கற்ற அந்த இரண்டு பேருக்கு மட்டும் தனியாகப் பழக்குங்கள்.

8. குளுக்கோமீட்டர்

முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பிறகு ஈரம் காய வேண்டும். மிட்டாய் பிசுக்கு விரலில் இருந்தால் மீட்டர் 250 என்று காட்டும். உண்மையில் 65 இருக்கலாம். லோ சுகரில் இருக்கும் பிள்ளையை ஹை என்று நினைத்து விட்டுவிடுவதற்கு இது ஒன்றே போதும். சானிடைசர் ஈரமும் கணக்கைக் கெடுக்கும்.

விரல் நுனியில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள். வலி குறையும், எழுதும்போது உறுத்தாது. ஊசிமுனையும் குத்தும் கருவியும் ஒருவருக்கு மட்டும். "எனக்கும் பாருங்க டீச்சர்" என்று ஊழியர்கள் வரிசையில் நிற்பார்கள். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

மீட்டரில் ரத்தத்துளி வைக்கும் ஸ்ட்ரிப்பை எடுத்த உடனே அதன் டப்பாவை மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து கிடந்த ஸ்ட்ரிப் தப்புக் கணக்குத்தான் காட்டும். பிரிட்ஜில் வைப்பதும் தவறு. சுகரைத் தொடர்ந்து காட்டும் சென்சாரைக் கையில் ஒட்டியிருக்கும் பிள்ளைகள் இப்போது ஓரிருவர் வருகிறார்கள். சென்சார் காட்டும் எண், ரத்த அளவுக்குச் சில நிமிடம் பின்தங்கியே வரும். பிள்ளை தள்ளாடும்போது சென்சார் 90 என்றால் பிள்ளையை நம்புங்கள்.

9. இன்சுலின்: யார் போடுவது, எந்தச் சிரிஞ்ச்

பெரிய பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு வேண்டியது மறைவான, சுத்தமான ஒரு இடமும், அளவைச் சரிபார்க்க ஒரு பெரியவரும்தான். கழிப்பறைக்குள் போய்ப் போட்டுக்கொள்ளச் சொல்லாதீர்கள். சிறு பிள்ளைக்கு மதிய ஊசி இருந்தால் பெற்றோர் வருவதா, பழகிய ஊழியர் போடுவதா என்பது தாளில் இருக்க வேண்டும். ஊழியர் எவரும் அளவைத் தானாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

இங்கே பழக்க வேண்டியதில் முக்கியமானது குத்தும் முறை அல்ல, மூடியின் நிறம். 1 மி.லி.யில் 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்ச். 100 யூனிட் உள்ள குப்பிக்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்ச். அரசு மருத்துவமனையில் 40 யூனிட் குப்பி வாங்கும் குடும்பம், அது தீர்ந்துபோனபோது கடையில் 100 யூனிட் குப்பி வாங்கி வரும். பழைய சிவப்பு மூடியில் ஏற்றினால் மருந்து இரண்டரை மடங்கு உள்ளே போகும். மாற்றிச் செய்தால் பாதிகூடப் போகாது. ஒவ்வொரு தடவையும் குப்பியில் உள்ள எண்ணையும் மூடி நிறத்தையும் சத்தமாகப் படிக்கப் பழக்குங்கள்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில், பிரிட்ஜின் உறைபகுதியில் படாமல் வைக்க வேண்டும். உறைந்துபோனதைத் தூக்கி எறிய வேண்டும். திறந்ததை நான்கு வாரம் வரை வெளியே நிழலில் வைக்கலாம், வெப்பம் 30 டிகிரியைத் தாண்டாத வரை. பிரிட்ஜ் இல்லாத பள்ளியில் மண்பானை முறை கைகொடுக்கும். பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சிறிய பானை, அதில் தண்ணீர் படாதபடி டப்பாவில் குப்பி. மழைக்காலத்தில் காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் பானை அவ்வளவாகக் குளிராது, ஆனால் அப்போது வெயிலும் இருக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்தச் சமயத்தில் பிரிட்ஜைவிடப் பானைதான் பயன்படும் பொருள்.

பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, நிறைந்ததும் சுகாதார நிலையத்தில் கொடுங்கள். குப்பைத்தொட்டியில் போட்டால் பெருக்கும் அம்மாவின் கையில் ஏறும்.

10. சாப்பாடு

இன்சுலின் உள்ளே போன பிறகு சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது. சொல்லித்தர வேண்டியது இது ஒன்றுதான். "இதைச் சாப்பிடாதே, அதைச் சாப்பிடாதே" என்று பட்டியல் போட்டால் பிள்ளை பசியோடு உட்காரும்.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25-ல் நாகை மாவட்டம் திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதில் சாப்பிடும் பிள்ளையாக இருந்தால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: காலை ஊசி எப்போது, எங்கே? வீட்டில் ஏழு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு, பள்ளியில் பொங்கல் சாப்பிடலாம் என்று கிளம்பிய பிள்ளைக்குப் பஸ் வராவிட்டால் என்ன ஆகும்? வீட்டில் இட்லி, பள்ளியில் உப்புமா என்று இரண்டும் சாப்பிட்டால் பத்து மணிக்குச் சுகர் எகிறும். ஒரு இடத்தில் மட்டும் சாப்பிடுவது என்று பெற்றோரோடு முடிவு செய்யுங்கள்.

மதியம் சாதத்தின் அளவு தினமும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு கரண்டியைக் குறித்துவைத்து, அதாலேயே போடச் சொல்லுங்கள். முட்டையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது சுகரை ஏற்றாது. வரிசையில் முதலில் விடுங்கள், ஆனால் சத்தம் போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பிறந்தநாள் சாக்லேட்டைப் பிடுங்கி வைக்காதீர்கள். சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.

11. விளையாட்டு

ஓடியாடினால் சுகர் இறங்கும், விளையாடி முடித்துப் பல மணி நேரம் கழித்து, இரவில்கூட இறங்கலாம். அதனால் கடைசி பீரியட் கபடி ஆடிய நாளில் வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.

விளையாடும் முன் மீட்டரில் பார்த்து 90-க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும். சீனிப் பொட்டலம் பி.டி. ஆசிரியரின் விசில் தொங்கும் அதே கழுத்துக்கயிற்றில் ஒரு சிறு பையாக இருந்தால் நல்லது. மைதானம் ஊர்க்கோடியில் இருக்கும் பள்ளிகளில் இது கட்டாயம்.

பாதுகாப்பு என்ற பெயரில் உட்காரவைத்துவிடாதீர்கள். விளையாட்டு அந்தப் பிள்ளைக்குத் தேவை.

12. ஹை சுகர்

சுகர் கூடினால் தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். தண்ணீர் குடிக்கவும் வெளியே போகவும் கேட்காமலே அனுமதி உண்டு என்பதை எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் சொல்லிவிடுங்கள். "இப்பதானே போன?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், பிள்ளை அன்றிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

250-க்கு மேல் இருந்து வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு, மூச்சில் பழம் அழுகிய வாடை இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது வரும் கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாகும் நிலை அது. பெற்றோருக்குச் சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். "காலைல ஏதோ சேராதது தின்னிருக்கும்" என்று ஓம வாட்டர் கொடுத்து உட்காரவைத்த பள்ளி உண்டு. சுகர் உள்ள பிள்ளை வாந்தி எடுத்தால் முதலில் மீட்டர். "ஓடு, இறங்கிரும்" என்று மைதானத்துக்கு அனுப்புவதும் தவறு. கீட்டோன் இருக்கும்போது ஓடினால் இன்னும் மோசமாகும்.

13. வழக்கமான நாள் அல்லாத நாட்கள்

பொதுத்தேர்வு பகல் ஒன்றேகால் மணிக்கு முடிகிறது. வழக்கமான சாப்பாட்டு நேரம் தேர்வறையில் கழிந்துவிடும். டைப் 1 மாணவர்கள் குளுக்கோஸ் மாத்திரை, பழம், தின்பண்டம், தண்ணீர் கொண்டுவர சி.பி.எஸ்.இ. 2017-லேயே அனுமதித்துச் சுற்றறிக்கை விட்டது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளியானால், மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். தேர்வன்று காலை வாசலில் நின்று அறைக் கண்காணிப்பாளரிடம் கெஞ்சுவது யாருக்கும் நல்லதில்லை.

மழை நாட்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பதினொரு மணிக்குத் திடீரென்று விடுமுறை விட்டால், நண்பகல் உச்சத்துக்கு வரப்போகும் இன்சுலினோடு பிள்ளை வெறும் வயிற்றில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும். ஆற்றில் தண்ணீர் போனால் பஸ் சுற்றிக்கொண்டு வரும். மழைக்காலத்தில் இந்தப் பிள்ளைக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிட்டு, யாராவது வந்து அழைத்துப்போனால்தான் அனுப்புவது என்று விதி வையுங்கள்.

சுற்றுலாவுக்குப் போகும்போது இன்சுலினை ஜன்னலோர வெயிலிலும் பஸ்ஸின் சாமான் அறையிலும் வைக்காதீர்கள். தரங்கம்பாடிக்குப் போனாலும் பெரிய கோவிலுக்குப் போனாலும் பழகிய ஊழியர் ஒருவர் அதே பஸ்ஸில் இருக்க வேண்டும். விரதம், நோன்பு வருமா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டுவையுங்கள். தெரிந்தால் மருத்துவரிடம் கேட்க நேரம் இருக்கும்.

14. ஒத்திகை

பயிற்சி முடிந்து இரண்டு வாரம் கழித்து, சொல்லாமல் ஒரு நாள் போங்கள். சுகர் இல்லாத ஒரு பிள்ளையைத் தலை சாய்த்து நடிக்கச் சொல்லிவிட்டுக் கடிகாரம் பாருங்கள். சீனித் தண்ணீர் வாய்க்கு வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால், எங்கே தாமதம் என்று பாருங்கள். பெரும்பாலும் ஆள் தாமதமல்ல, பொருள் தாமதம். டம்ளர் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, டப்பாவை யாரோ நகர்த்திவிட்டார்கள். என் கணக்கில் முதல் ஒத்திகையிலேயே தேறிய பள்ளிகள் மிகக் குறைவு.

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம் முழுப் பயிற்சி. காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில், மழைக்கு முன், அரை மணி நேர நினைவூட்டல். ஜனவரியில் ஒரு ஒத்திகை.

ஏப்ரல் கடைசியில், இந்த வருட வகுப்பாசிரியரும் அடுத்த வருட வகுப்பாசிரியரும் பத்து நிமிடம் சேர்ந்து உட்கார வேண்டும். குறிப்பேடு, மருத்துவர் தாள், போன் எண்கள் மூன்றும் கைமாறட்டும். எந்தக் கிழமை அதிகம் லோ சுகர் வந்தது, பிள்ளை எப்போது மறைக்கிறது என்பதெல்லாம் எழுத்தில் இருக்காது, வாயால்தான் சொல்ல வேண்டும். தேதி முடிந்த ஸ்ட்ரிப்புகளை அன்றே கழித்துவிடுங்கள். சீனிப் பொட்டலங்களைப் பிரித்து டீக்குப் போட்டுக்கொள்ளலாம். ஜூனில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.